தர்மபுரி மக்களே, 'ராகி குக்கீஸ்' வாங்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதுசா ஒரு ஆர்கானிக் கடை, பேர் வேணாம். அப்பாவுக்கு சுகர், டீயோட கடிக்க ஏதாவது இருக்கான்னு கேட்டதும் கடைக்காரர் "இது சுகர்காரங்களுக்குன்னே வர்றதுண்ணா, ஃபுல்லா ராகி"ன்னு ஒரு பாக்கெட்டை நீட்டினார். 200 கிராம் 190 ரூபா. முன்னாடி ராகி கதிர், மண்சட்டி, ஏந்திரக்கல் சுத்தற பாட்டி, பச்சை வட்டத்துக்குள்ள "சர்க்கரை சேர்க்கவில்லை".

அப்பா ஒண்ணு தின்னுட்டு "என்னடா ராகி வாசனையே இல்ல"ன்னார். பென்னாகரத்துல களி தின்னு வளர்ந்த ஆளு, அவர்கிட்டயா. பின்பக்கம் கடுகு சைஸ் எழுத்துல இருக்கு, முதல்ல ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர், அதாங்க மைதா, அப்புறம் பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின், அதுக்கும் பின்னாடிதான் ராகி மாவு 9%. அந்த பழுப்பு நெறம்கூட கேரமல் கலராம்!

எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு ரூல், அதனால முதல் மூணு பேரை மட்டும் படிச்சாலே பாதி தெரிஞ்சிடும். முன்னாடி ராகின்னு பேரும் படமும் போட்டா எத்தனை சதவீதம்னு சொல்லியாகணும், அந்த 9% நேர்மையில வந்ததில்ல. மால்டோடெக்ஸ்ட்ரின் ஸ்டார்ச்லேர்ந்து எடுக்கறது, இனிப்பு அவ்வளவா தெரியாது ஆனா ரத்தத்துல சுகரை சடார்னு ஏத்தும், அதைப் போட்டுட்டு சர்க்கரை இல்லைன்னு வட்டம் வேற.

இது இந்த ஒரு பாக்கெட் கதை இல்ல. "ஹெல்த் ட்ரிங்க்"னு ஒரு வகையே உணவுப் பாதுகாப்பு சட்டத்துல கிடையாதுன்னு 2024 ஏப்ரல்லதான் மத்திய அரசு ஆன்லைன் கடைங்ககிட்ட போர்ன்விட்டா மாதிரி பானங்களை அந்த லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொன்னுச்சு, அதுவரைக்கும் எத்தனை வருஷம் நம்ம வீட்டு புள்ளைங்க டம்ளர் டம்ளரா குடிச்சிருக்கும். இதுல கடுப்பு என்னன்னா 2023லேர்ந்து நம்ம மாவட்டத்து ரேஷன்லயே அரிசிக்கு பதிலா 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கலாம், படம் போட்ட பை இல்லாததால அதை யாரும் ஹெல்தின்னு சொல்றதில்ல.

திருப்பிக் குடுக்கப் போனா "பில் போட்டா ரிட்டர்ன் இல்லண்ணா, கம்பெனி போட்டதைத்தான் விக்கறோம்"ங்கறார். ஃபுல்லா ராகின்னு சொன்னது கம்பெனியா நீங்களான்னு கேட்டேன், அடுத்த கஸ்டமரைப் பாக்க போயிட்டார். ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, பில்லோட புகார் போட்டிருக்கேன். பதில் இன்னும் வரல, வந்தா இங்கயே போடறேன்.