38,500 ரூபாய் போச்சு: பழைய சின்னக் காற்றாலை ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன சனிக்கிழமை வாங்கினேன், இன்று வியாழன். விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்து இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சோதித்து வாங்குவது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு வீசிங், நெபுலைசர் இல்லாமல் ராத்திரி தள்ளாது, துறைமுகத்தில் கூண்டு ஏற்றினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மாடியில் சோலார் ஏற்கனவே இருக்கிறது. மழை நாளில் அது படுத்துவிடும், அப்போது காற்றாவது பேட்டரியை ஏற்றட்டும் என்று சீட்டு எடுத்த பணத்தை வைத்துத் தேடினேன்.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்த ஜெனரேட்டர், 1000 வாட், 48 வோல்ட், இறக்கையோடு 38,500 ரூபாய். 5,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன், பெயர் வேறு யாருடையதோ வந்தது. “மச்சான் அக்கவுண்ட் சார்” என்றார், நம்பினேன். அரியாங்குப்பம் தாண்டி ஒரு ஷெட். டீ வாங்கிக் கொடுத்தார், அம்மா உடம்பை விசாரித்தார், “எங்க அம்மாவும் இப்படித்தான் சார்” என்றார்.

நான் ஏமாந்த இடம் இதுதான். ஜெனரேட்டரை பெஞ்சில் வைத்து, ஒரு 12 வோல்ட் எல்.இ.டி. பல்பை மாட்டி, கையாலேயே ஒரு சுற்று சுற்றினார். பளிச்சென்று எரிந்தது. அப்புறம் பல்பைக் கழற்றிவிட்டு என்னைச் சுற்றச் சொன்னார். தேனுக்குள் கரண்டி விட்டுக் கிண்டுகிற மாதிரி இழுத்தது, வேகமாகச் சுற்றச் சுற்ற இன்னும் கனத்தது. “பாத்தீங்களா, காந்தம் அவ்ளோ பவர்” என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மீதி 33,500ஐ எண்ணிக் கொடுத்துவிட்டேன். குட்டியானை வாடகை 1,800 தனி.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த வகை ஜெனரேட்டரிலிருந்து மூன்று ஒயர் வரும், மூன்று ஃபேஸ் ஏ.சி. எந்த இரண்டு ஒயரை வைத்து ஓம்ஸ் (மின்தடை) பார்த்தாலும் ஒரே அளவு வர வேண்டும். எனக்கு ஒரு ஜோடியில் 1.2, மற்ற இரண்டிலும் 0.8. டிரில் மெஷினில் கோர்த்துச் சுற்றினால் ஒரு ஜோடியில் 24 வோல்ட், மற்றதில் 17. ஒரு ஃபேஸ் காயில் உள்ளேயே ஷார்ட். நான் ‘காந்த பலம்’ என்று நினைத்த அந்த இழுப்பு ஷார்ட் ஆன காயிலின் இழுப்பு! நல்ல ஜெனரேட்டரில் ஒயர்கள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்கும்போது ஷாஃப்ட் லேசாகச் சுற்ற வேண்டும், சிலதில் கடக் கடக்கென்று காந்தம் மாட்டி மாட்டி விடும், அது பரவாயில்லை. மூன்று ஒயரையும் சேர்த்து முறுக்கினால்தான் கனக்க வேண்டும். எல்.இ.டி. பல்புக்கு ஒன்றிரண்டு வாட் போதும், பாதி வெந்த காயிலிலும் அது எரியும்.

மறுநாள் காயில் கட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய வாசனை. காந்தத்தின் மேல் நிக்கல் பூச்சு பொரிப் பொரியாக எழும்பி, விரலால் தொட்டால் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. உப்புக்காற்றில் பூச்சு விட்டுப்போனால் நியோடைமியம் காந்தம் இப்படித்தான் அரித்துப்போகும், போதாததற்கு சாதாரண ரகம் 80 டிகிரி சூட்டைத் தாண்டினாலே பலம் இழக்கும். “காயில் 12,000-க்குக் கட்டித் தரேன் தம்பி, காந்தத்துக்கு நான் எங்க போவேன்” என்றார் அண்ணன். ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் பழைய அலுமினியத் தகடு: 300 வாட், 24 வோல்ட்.

போன் போட்டேன். முதலில் “ரெக்டிஃபயரைத் தப்பா மாட்டியிருப்பீங்க” (பேட்டரி ஏற்றுவதற்காக ஏ.சி.யை டி.சி. ஆக்குவது அது). அடுத்து “உங்க ஊர்ல காத்து பத்தாது சார்”. அப்புறம் “வண்டி ஓட்டுறேன், சாயங்காலம் கூப்பிடறேன்”. சாயங்காலம் வரவே இல்லை. போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆப்புக்குப் புகார் கொடுத்தால், இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம், நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில். என் 38,500-க்கு அந்த ஒரு வரிதான் மரியாதை.

அந்த 1000 வாட் கணக்கையாவது நான் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இறக்கை வட்டத்தின் விட்டம் 2 மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்த வட்டத்துக்குள் வரும் மொத்தச் சக்தியே சுமார் 240 வாட்தான். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது, சின்ன மெஷினில் 70 வாட் வந்தாலே பெரிது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு என்பது உண்மைதான், ஆனால் பெரிய காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் காற்று வேறு, நம்ம மாடிக் காற்று வேறு.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரமாக நாலு வார்த்தை. மல்டிமீட்டர் இல்லாமல் போகாதீர்கள். மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள், ஒயரைத் தனித்தனியாக விட்டுச் சுற்றிப் பாருங்கள். புதுப் பெயிண்ட், போல்ட் தலையிலும் பெயிண்ட் என்றால் சந்தேகப்படுங்கள், ஸ்டிக்கரைக் கிழிக்க விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். விற்பவர் பெயரும் ஜிபே பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டேன். நுகர்வோர் உதவிக்கு 1915.

இதை எழுதும்போது இன்னொரு போனில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே போட்டோ, அதே பச்சைப் பெயிண்ட், விளம்பரம் இன்னும் இருக்கிறது. விலை இப்போது 41,000.