ஏஎஃப்என்ஐ: கலப்பு வடிவ எஃப்எம்ஆர்ஐ தரவுக்குத் தாராளமாக நம்பலாம்

மயிலாடுதுறையில் உட்கார்ந்து மூளைத் தரவு அலசுகிறேன் என்றால், ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார் மாமா. மெஷினெல்லாம் இல்லை. ஆய்வாளர்கள் பொதுவில் போட்டிருக்கும் எஃப்எம்ஆர்ஐ தரவு (மூளையில் இரத்த ஓட்டம் மாறுவதைப் பதியும் ஸ்கேன்), உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப், அப்புறம் அந்தத் தரவை அலசும் ஏஎஃப்என்ஐ மென்பொருள். 1994 வாக்கில் ராபர்ட் காக்ஸ் விஸ்கான்சினில் எழுதத் தொடங்கியது, இன்றும் இலவசம். இங்கே நான் மதிப்பிடுவது, கலந்து பதிவான செயல்பாடுகளைப் பிரித்துக் கணக்கிடும் 3டிடீகன்வால்வ் கட்டளையை மட்டும்.

கலப்பு வடிவச் சோதனையில் இரண்டு சங்கதி. வேலை நடக்கும் நேரம் முழுக்க விடாமல் ஓடும் நீடித்த செயல்பாடு. ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து அடங்கும் கணநேரச் செயல்பாடு. கோயில் மேளத்தில் ஒத்து இழுத்துக்கொண்டே இருக்க, மேலே தவில் விழுகிற மாதிரி. ஸ்கேனர் பதிவதோ இரண்டின் கூட்டுத்தொகையை. ஒரு கேள்விக்கான இரத்த ஓட்ட மாற்றம் அடங்கப் பத்துப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகும். கேள்விகள் ஒரே சீராக நெருங்கி வந்தால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேடாகிவிடும். பிரிக்க வழியே இருக்காது. இடைவெளி ஏறுக்குமாறாக இருக்க வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது டென்ட் வசதி. டென்ட்(0,14,8) என்று கொடுத்தால், கேள்விக்கு மூளை காட்டும் துலங்கல் இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல், 2 நொடிக்கு ஒரு புள்ளியாக அதன் வடிவத்தைத் தரவிலிருந்தே எடுக்கிறது. நீடித்த பகுதிக்குத் தனியாக ஒரு பிளாக், அதாவது வேலை நேரம் முழுக்க நீளும் ஒரே வடிவம். ஆயத்த வடிவத்தைத் திணித்தால், அதற்கு அடங்காத மிச்சம் நீடித்த செயல்பாட்டின் கணக்கில் போய் விழும். 2003இல் ஆய்வாளர் விஷரும் சகாக்களும் நியூரோஇமேஜ் இதழில் எச்சரித்தது இதைத்தான். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் காட்டும் குறிப்புகளுக்கும் தனி டென்ட் போட்டுவிடுங்கள். அவையும் பெரிய அலை எழுப்பும்.

இன்னொரு உபகாரம், நோடேட்டா என்ற வசதி. ஸ்கேன் எடுக்கும் முன்பே, எந்த நொடியில் எந்த நிகழ்வு என்று எழுதிய நேரக் கோப்புகளை மட்டும் ஊட்டினால், ஒவ்வொரு மதிப்பீடும் எவ்வளவு தள்ளாடும் என்று எண்ணில் காட்டும். எண் சிறிதாக இருந்தால் நல்லது. இடைவெளிகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், பைசா செலவில்லை.

குறை? எல்லாம் தட்டச்சுதான். உதவிப் பக்கம் படிக்கப் படிக்க நீளும். விண்டோஸில் நேராக ஓடாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட வேண்டும். நேரக் கோப்பில் ஸ்கேன் ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நிகழ்வே இல்லாத ஓட்டத்துக்கு நட்சத்திரக் குறி. புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் படுத்தும்.

5க்கு 4. மவுஸால் மட்டுமே வேலை பார்க்கிறவர்களுக்கு 2.