காளான் பவளம் வாங்க ஒரு மாடிக்கடை

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், ஞாயிறு மாலைகளில் மட்டும் திறக்கும் கடல்தொட்டிக் கடைக்கு ஓராண்டாகப் போய் வருகிறேன். என் 200 லிட்டர் தொட்டியில் இரண்டு சிவப்பு டிஸ்கோசோமாக்கள் (காளான் பவளத்தில் ஒரு வகை) எட்டு மாதமாக வளராமலும் பிரியாமலும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்ததுதான் முதலில் அங்கே போகக் காரணம்.

வேறொரு கடையில் சொன்னதைக் கேட்டு, கால்சியம் திரவமும் பாஸ்பேட் உறிஞ்சியும் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். மாடிக்கடைக்காரர் எதையும் விற்பதற்கு முன் என் தொட்டித் தண்ணீரைக் கேட்டு வாங்கிச் சோதித்தார். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். "ஏனுங்க, தண்ணி இத்தன சுத்தமா இருந்தா இது பட்டினி கெடக்குமுங்க" என்றார். காளான் பவளத்துக்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு கிடையாது. ஆகவே கல் பவளத்துக்குத் தேவைப்படுகிற அளவு கால்சியத்தை இதற்கு ஊற்றிப் பயனில்லை. இதன் தசைக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. அப்பாசிகளுக்குத் தண்ணீரில் சிறிதளவாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். உறிஞ்சியை எடுத்துவிட்டு, கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை இரவில் நிறுத்தி, நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். விளக்குக்கு நேர் கீழே உச்சிப் பாறையில் இருந்தவற்றை, ஒளி குறைந்து நீரோட்டமும் மெதுவாக இருக்கும் அடிப்பகுதிக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான். அன்று அவர் என்னிடம் விற்றது ஒரு கேன் தண்ணீர் மட்டுமே.

அந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவாணியின் சுவையில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும், போர் தண்ணீர் கலந்துவிட்டால் உப்பும் ஏறிவிடும். இவர் ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்பையும் பிடிக்கும் ரெசின் வழியாகவும் வடித்து, கேனைக் கொடுக்கும்போதே மீட்டரை முக்கி டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பூஜ்யம் என்று காட்டிவிடுகிறார்.

ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, பெரிய டிஸ்கோசோமா ஒன்று பாறையில் மெல்ல நகர்ந்தபோது, அது விட்டுச்சென்ற பாதத் துணுக்கிலிருந்து பட்டாணி அளவில் இரண்டு குட்டிகள் எழும்பியிருந்தன. இப்போது ஏழு இருக்கின்றன.

அங்கு விற்பனைக்கு வைக்கும் முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பு வேறிடத்தில் வாங்கியது பசையால் ஒட்டப்பட்டிருந்தது; காளான் பவளம் வழவழப்பான கோழையைச் சுரப்பதால் பசை பிடிக்காமல் கழன்று, நேரே மோட்டாருக்குள் போய்விட்டது. இவர் வெட்டிய துண்டுகளைக் கல்துண்டுகளோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே வலை கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் ஓரிரு வாரம் விட்டுவிடுகிறார். தானாகப் பற்றிக்கொண்ட பிறகுதான் விற்கிறார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டுவிட்ட கல் பவளங்களை அவர் தொடுவதே இல்லை என்பதும் எனக்கு நிம்மதி.

குறைகளும் உண்டு. ரிக்கார்டியா என்ற இன்னொரு வகைக் காளான் பவளம் ஒன்றுக்கு 2,500 ரூபாய் என்பது அதிகம். பில் கேட்டால் சிரிக்கிறார். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமலே சித்திரையைத் தாண்டிவிடலாம் என்று சொன்னதை நம்பியிருந்தால், 33 டிகிரியை எட்டும் என் கூடத்தில் தொட்டி முழுவதும் போயிருக்கும். நான் 26 டிகிரியில்தான் வைத்திருக்கிறேன். இவற்றையும்விட, யானைக்காது என்று அழைக்கப்படும் பெரிய காளான் பவளத்தைக் கொடுத்தபோது, அது பைபோல் மூடிக்கொண்டு சிறு மீன்களை விழுங்கக்கூடியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் கோபி மீன் ஒன்று அதற்குள் போன பிறகு போனில் கேட்டால், "அட, உங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சனுங்க" என்கிறார். சிறு மீன் வளர்ப்பவர்கள் அங்கே டிஸ்கோசோமாவோடும் ரிக்கார்டியாவோடும் நிறுத்திக்கொள்ளலாம்.