முடி நட்டுப் பத்து வருஷம் தாண்டியாச்சு: நின்றது எது, போனது எது

நட்ட முடி நிற்கிறது. 2013-ல் மதுரையில், பின்மண்டை முடியை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து நடுகிற எஃப்.யூ.இ. முறையில் ஏறக்குறைய 2,000 கிராஃப்ட் (வேரோடு எடுக்கிற சின்ன முடிக்கொத்து) வைத்துக்கொண்டேன். முன்நெற்றியில் அன்று வைத்ததில் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. மெலிந்துபோனது அதற்குப் பின்னால் இருந்த என் சொந்த முடிதான். பாளையங்கோட்டையில் இருக்கிற என் மச்சினன் இப்போது முடி நட்டுக்கொள்ளப் பணம் சேர்க்கிறான். "அத்தான், நட்டா எத்தனை வருஷம் நிக்கும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். அவன் வயதில் இருக்கிற பல பேருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆண்களுக்கு நெற்றியிலும் உச்சியிலும் முடி கொட்டுவது பெரும்பாலும் பரம்பரை வாகு. டி.ஹெச்.டி. என்ற ஹார்மோன் பட்டுப் பட்டு அங்குள்ள வேர்கள் சுருங்குகின்றன; முடி மெலிந்து, பூனைமுடியாகி, பிறகு நின்றுவிடுகிறது. பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் இருக்கிற வேர்களை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தாலும் அந்த வேர் தன் பழைய குணத்தோடுதான் இருக்கும் என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் கண்டுபிடித்து 1959-ல் எழுதினார். இன்றைக்கு நடக்கிற எல்லா முடி நடவுக்கும் அதுதான் அடிப்படை. நம் ஊரில் முடி கொட்டினால் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வோம். போர் தண்ணீரில் குளித்தால் முடி சொரசொரப்பாகும், உடையும். ஆனால் தாமிரவருணியிலேயே தினமும் முங்கிக் குளித்த என் தாத்தாவுக்கும் நாற்பதுக்குள் உச்சி வழுக்கையாகிவிட்டது.

முதல் வருஷத்துக் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டிவிடும். வேர் உள்ளேதான் இருக்கிறது, பதற வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் மெல்லிசாக முளைக்கும், ஒரு வருஷத்தில் முழுசாகத் தெரியும். புண் ஆறும் வரை குற்றாலம் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த வருஷம் சாரல் சீசனில் மற்றவர்கள் குளிக்க, நான் கரையில் துண்டோடு நின்றேன். அடுத்த சீசனில் மெயின் அருவிக்கு நேர் கீழே தலையைக் கொடுத்து நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டும் அப்படித்தான், வேர் பிடித்த பிறகு அதனால் கெடுதல் இல்லை.

எது நட்டது, எது பழையது என்று எனக்குத் தெளிவாகக் காட்டியது திருச்செந்தூர் மொட்டைதான். மகளுக்கு முதல் மொட்டை எடுக்கும்போது நானும் எடுக்க வேண்டும் என்று அம்மை நேர்ந்திருந்தாள். நட்ட முடிக்கு மேல் கத்தி படலாமா என்று பயம். டாக்டரிடம் கேட்டதற்கு, "வேர் தோலுக்கு நாலைந்து மில்லிமீட்டர் கீழே இருக்கு, கத்தி மேலே இருக்கிறதைத்தான் எடுக்கும், தாராளமா எடுங்க" என்றார். முடி எடுத்தவர் பின்மண்டையைத் தண்ணீர் தொட்டு வழித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார். "அண்ணாச்சி, முடி வச்சிருக்கியளா? பின்னால புள்ளி புள்ளியா தெரியுதே." எஃப்.யூ.இ.-யில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய ஊசியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்த இடங்கள் அவை. முடி இருக்கும்வரை தெரியாது, மழித்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பட்டையாகத் தோலை வெட்டியெடுக்கிற எஃப்.யூ.டி. முறை என்றால் காதுக்குக் காது ஒரு கோடே விழுந்திருக்கும். மொட்டை போடுகிற நேர்ச்சை உள்ள வீட்டுப் பிள்ளைகள் எந்த முறை என்று முடிவெடுக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சந்தனம் உதிர்ந்து, முடி அரை சென்டிமீட்டர் வளர்ந்த சமயத்தில், வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். முன்நெற்றியில் விரலால் தடவினால் குத்துகிற மாதிரி தடித்த கறுப்பு முடி. அதற்கு இரண்டு விரல்கடை பின்னால் முடி மெலிந்து நிறமே மாறியிருந்தது. உச்சிச் சுழியைச் சுற்றித் தோல் தெரிந்தது. முடி நீளமாக இருக்கும்போது முன்னாலிருந்து பின்னால் வாரிவிடுவதால் இது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கிருதா நரைத்துவிட்டது, ஆனால் முன்நெற்றியில் நரை இல்லை. பின்மண்டையிலிருந்து வந்த முடி பின்மண்டையின் கணக்குப்படிதான் நரைக்கும்போல.

மச்சினனிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். நட்டதைப் பற்றிக் கவலைப்படாதே, நடாததைப் பற்றிக் கேள். இருபத்தெட்டு வயதில் நெற்றியை மட்டும் நிரப்பிவிட்டு வந்தால், பின்னால் உள்ளது கொட்டக் கொட்ட, முன்னால் மட்டும் வரப்பு போட்ட மாதிரி முடி நிற்கும். அதைச் சரிக்கட்ட மறுபடி நட வேண்டும். பின்மண்டையில் ஒரு ஆளுக்கு வாழ்நாள் முழுக்க எடுக்க முடிந்தது பொதுவாக 4,000 முதல் 6,000 கிராஃப்ட்தான். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. கிளினிக் போர்டில் 'லைஃப்டைம் கேரண்டி' என்று எழுதியிருப்பது நட்ட வேர்களுக்கு மட்டும்தான். அதுவும் டி.ஹெச்.டி. அவ்வளவாகத் தொடாத பாதுகாப்பான பகுதியிலிருந்து எடுத்திருந்தால்தான். கிராஃப்ட் கணக்கைக் கூட்டிக் காட்டக் கழுத்துப் பக்கமாகவோ மேலே உச்சியை ஒட்டியோ எடுத்தால், எந்த முடி அங்கே கொட்டப் போகிறதோ அதே முடி இங்கேயும் கொட்டும். வயது ஏற ஏற நல்ல முடியும் கொஞ்சம் மெலியத்தான் செய்யும்.

என் டாக்டர் வரைந்த நெற்றிக்கோடு அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காலேஜ் போட்டோவில் இருந்ததைவிட மேலே வரைந்து, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் ஏற்றியும் விட்டிருந்தார். "நாப்பது வயசு முகத்துக்கு வரையிறேன்" என்றார். இன்று நாற்பதைத் தாண்டிய முகத்தில் அது நட்ட நெற்றி என்று சலூன்காரருக்குக்கூடத் தெரிவதில்லை. கிராஃப்டும் மிச்சமாயிற்று. அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பழைய முடியைக் காப்பாற்ற மருந்து உண்டு. தினம் ஒரு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தலையில் தடவ மினாக்ஸிடில். நிறுத்தினால் சில மாதங்களில் மருந்தால் நின்றது போய்விடும். அதனால் இது நீண்ட காலச் செலவு, நடவுச் செலவோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கும், மனச்சோர்வும் வரலாம் என்பதால் மெடிக்கலில் தானாக வாங்காமல் தோல் டாக்டரிடம் பேசித்தான் தொடங்க வேண்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. பிற்காலத்தில் புராஸ்டேட்டுக்காகப் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தால் இந்த மாத்திரை அந்த அளவைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டும். அதனால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் ஒரே ஒருவர்தான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

யார் கையில் தலையைக் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வதெல்லாம் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் அறிவுறுத்தியது. டாக்டர் வந்து கோடு மட்டும் போட்டுவிட்டுப் போய், மீதியைப் பையன்கள் செய்கிற இடத்துக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும் போக வேண்டாம்.

என் உச்சிக்கு இரண்டாவது தடவை நடலாமா என்று போன வருஷம் கேட்டேன். பின்மண்டையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, எடுக்கலாம், ஆனால் உச்சி இன்னும் அகலும், இருக்கிற கிராஃப்டை இப்போதே செலவழித்தால் பிறகு கையில் இருக்காது என்றார் டாக்டர். எனக்கும் சரியென்று பட்டது. மருந்தைத் தொடர்கிறேன், உச்சியை அப்படியே விட்டிருக்கிறேன்.