டைகருக்கு பிளாஸ்டிக் டிராக்கா, உலோக டிராக்கா?

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டேங்கான டைகரை, நிஜத்தில் பதினாறில் ஒரு பங்காக (1/16 அளவில்) மோட்டாரில் ஓடுகிற மாடலாகக் கட்டி, வண்ணம் பூசி, பழசாக்கி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் டிராக்குக்கே, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டைக்கே, போய்விட்டது. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் டிராக்கில் தொடங்கி, உலோகத்துக்கு மாறி, நடுவில் கோபத்தில் பிளாஸ்டிக்குக்கே திரும்பி, கடைசியில் மறுபடி உலோகத்தில் வந்து நின்றேன். அதனால் இதை நடுநிலையான ஒப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊகிக்கக்கூடியதை முதலில் முடித்துவிடுகிறேன். பிளாஸ்டிக் மலிவு, லேசு, சத்தம் குறைவு, வீட்டுத் தரையைக் கீறாது. உலோகம் இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர். டைல்ஸ் தரையில் ஒரே ஒரு தடவை வண்டியை நின்ற இடத்திலேயே சுற்றினேன். அந்தக் கோட்டின் மேல் இப்போது ஒரு மிதியடி கிடக்கிறது, அம்மாவின் ஏற்பாடு.

பார்வைக்கு? பல டேங்குகளில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், டைகரில் நன்றாகவே தெரியும். டைகருக்கு மேல்பக்கம் டிராக்கைத் தாங்கச் சிறு உருளைகள் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய மாதிரி அடுக்கிய பெரிய சக்கரங்களின் தலையிலேயே டிராக் படுத்துக் கிடக்கும். நிஜ வண்டியில் 725 மில்லிமீட்டர் அகலம், ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள், எல்லாம் வார்ப்பு எஃகு. அந்தக் கனம்தான் அதைத் தொங்க வைக்கிறது. மாடலில் பிளாஸ்டிக் டிராக் அந்தரத்தில் விறைத்து நிற்கும். உலோக டிராக்கை மாட்டிய நிமிடமே அது தானாகச் சரிந்து சக்கரத்தில் உட்கார்ந்தது. சமையலறைத் தராசில் ஜோடியை வைத்துப் பார்த்தேன், ஒரு கிலோவைத் தாண்டியது.

இருந்தாலும் என்னை உலோகத்தின் பக்கம் சாய்த்தது இந்தத் தொய்வு இல்லை, பெயின்ட்.

அலமாரியில் நிற்கும் மாடலுக்கு வெதரிங் (பழசாக்கும் வேலை) செய்வது வேறு, ஓடும் மாடலுக்குச் செய்வது வேறு. நிற்கும் மாடலில் நாம் வைத்த தூசி வைத்த இடத்தில் இருக்கும். ஓடும் மாடலில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சுற்றுக்குப் பல தடவை மடங்கி நிமிர்கிறது, டிராக்கை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் குத்துகிறது, அடியில் தரை தேய்க்கிறது. பிளாஸ்டிக் டிராக்கில் பிரைமர், கருஞ்சாம்பல், அதன் மேல் நீர்க்கக் கரைத்த பழுப்பு பெயின்ட் (வாஷ்) என்று மூன்று மாலை உட்கார்ந்து பூசினேன். மொட்டை மாடியில் இருபது நிமிடம் ஓட்டியதும் மடிப்புகளில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்து பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. தொட்டுப் பூசினேன். மறுபடி உரிந்தது. நான்காவது தடவை விட்டுவிட்டேன்.

உலோகத்தில் பெயின்டே தேவைப்படவில்லை. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் திட்டுத் திட்டாக வரும். அப்புறம் உலோகத்தைக் கறுப்பாக்கும் திரவத்தில் முக்கி, கழுவி, காயவைத்தால் போதும். கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். நிறம் மேலே ஒட்டிய படலமாக இல்லாமல் உலோகத்தின் தோலோடு சேர்ந்துவிடுவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை. ஓட ஓடத் தரையில் படும் மேடுகள் மட்டும் தேய்ந்து வெள்ளியாக மின்னும், பள்ளங்கள் கறுப்பாகவே இருக்கும். நிஜ டேங்கிலும் இதேதான் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் டிராக்குக்கு ஆரஞ்சு நிறத் துரு பூசுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அது மாதக்கணக்கில் மழையில் நின்ற வண்டியின் நிறம்.

என் வண்டி 1943 கோடையில் ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களத்தில் நின்ற டைகர்களைப் பார்த்துச் செய்தது. அங்கேயும் நம் கரிசல் மாதிரி கறுப்பு மண். ஆகவே டிராக்கில் காய்ந்த மண்ணாகச் சாம்பல் பழுப்பில் பிக்மென்ட் பொடி தூவலாம் என்று நினைத்தேன். செய்யாதீர்கள். பொடி உதிர்ந்து கியர்பாக்ஸ் அச்சில் இருக்கும் கிரீஸோடு கலந்தால் அது அரைக்கும் பசை. பொடியெல்லாம் உடலுக்கும் மட்கார்டுக்கும் மட்டும். அங்கேயும் பொடியை ஒட்டவைக்கும் ஃபிக்ஸர் போட்டு, மேலே மேட் வார்னிஷ். முதலில் கொஞ்சம் ஓட்டிவிட்டு அப்புறம் வெதரிங் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. பின்பக்கத் தகட்டில் தூசி எப்படிப் படிகிறது, எந்தச் சக்கர விளிம்பு தேய்கிறது என்று வண்டியே காட்டிக் கொடுக்கும்.

இனி உலோகத்தின் உண்மையான செலவு. டிராக் விலையோடு அது நிற்காது. நான் அவசரப்பட்டு உலோக டிராக்கைப் பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டின் மேலேயே மாட்டினேன். மூன்றே வாரத்தில் பற்கள் மொட்டையாகி, திருப்பத்தில் டிராக் கழன்று விழுந்தது. கோபத்தில் பிளாஸ்டிக்குக்குத் திரும்பினேன் என்றேனே, அது அப்போதுதான். தப்பு முழுக்க என்னுடையது. ஸ்ப்ராக்கெட், பின்பக்கம் டிராக் சுற்றித் திரும்பும் ஐட்லர் சக்கரம், கியர்பாக்ஸ் பற்கள் மூன்றும் உலோகமாக இருந்தால்தான் உலோக டிராக்கைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

பராமரிப்பும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பழைய பல் துலக்கும் பிரஷால் மண்ணைத் தட்டுகிறேன். கண்ணிகளைக் கோக்கும் பின்களுக்கு (ஊசிகளுக்கு) எண்ணெய் விடுவதில்லை, அது தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். ஈரத்தில் ஓட்டினால் உடனே ஹேர் டிரையரால் காயவைக்க வேண்டும், ஏனென்றால் எஃகுப் பின்கள் துருப்பிடிக்கும். அந்தப் பின்கள் நுழையும் துளைகள் தேய்வதால் டிராக் மெல்ல மெல்ல நீளும். ஒன்றரை வருடத்தில் இதுவரை பக்கத்துக்கு ஒரு கண்ணி எடுத்திருக்கிறேன். அதற்கு மேல் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவில்லை.

இதெல்லாம் 1/16 கணக்கு. 1/35 மோட்டார் வண்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியா, பேந்தர் என்ற இன்னொரு ஜெர்மன் டேங்கின் மாடலை மோட்டாரோடு வெளியிட்டபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்று பார்த்துத்தான் அந்த அளவே அமைந்தது. அவ்வளவு நெருக்கடியான இடத்தில் இருக்கும் சின்ன மோட்டாரின் தலையில் உலோகத்தைக் கட்ட நான் துணிய மாட்டேன். வண்டியை வீட்டுக்குள் குழந்தைகள் ஓட்டப் போகிறார்கள் என்றாலும் பிளாஸ்டிக்கே சரி.

கழற்றிய பிளாஸ்டிக் டிராக்கை வீணாக்கவில்லை. டைகரின் டரட் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூடு) பக்கவாட்டில் உபரிக் கண்ணிகளை மாட்டி வைத்திருப்பார்கள். அதற்கு வேண்டியதை வெட்டி எடுத்து, வாஷ் அடித்து, கொஞ்சம் துருவும் வைத்து மாட்டிவிட்டேன். அங்கே எதுவும் மடங்குவதில்லை, பெயின்ட் இன்றுவரை உரியவில்லை.