கூலிக் கொலையாளிக்குக் காதல் வந்தால்: வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடை

லாங் பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தக் கடைக்கு கிரைம் பாக்கெட் நாவல் பிரியர்கள் தாராளமாகப் போகலாம். ஈவிரக்கமில்லாத கூலிக் கொலையாளி காதலில் விழுந்து மனுஷனாகும் கதைகளே ஓர் அடுக்கு முழுக்க. அட்டை விலையில் பாதி கொடுத்தால் போதும்.

வாங்குமுன் ஸ்டேப்ளர் பின்னைப் பாருங்கள். நடுவில் பின் அடித்த 96 பக்க நாவலில் 3, 4ஆம் பக்கத் தாள் கிழிந்திருந்தால், அதே தாளின் மறுபாதியான 93, 94 பிடிமானமில்லாமல் கழன்றுவிடும். கிளைமாக்ஸ் அம்பேல்! பின் துருப்பிடித்தால் முதலில் போவது நடுத்தாள், அதாவது 47 முதல் 50 வரை. அவன் முதல்முறையாகச் சுடத் தயங்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

நாயகி சிரித்ததுமே துப்பாக்கியைக் கீழே போடுபவனை அடுக்கிலேயே விட்டுவிடுங்கள். உடம்பில் ஊறிய பயிற்சி அப்படிப் போகாது. ஹோட்டலில் எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருபவன், அவளுக்கு ஃபேன் காற்று வரட்டும் என்று இடம் மாறி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறானா? அதை எடுங்கள்.

கேட்டால் கடைக்காரரே பக்கம் சரிபார்த்துத் தருகிறார். மேலடுக்கு மட்டும் வேண்டாம். வேலூர் வெயில் நேராக விழுந்து, தாள் அப்பளமாக நொறுங்குகிறது.