மருந்துப் பம்பு பொருத்திய தம்பிக்கு வீட்டில் கிடைத்த செவிலியர் சேவை

சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட என் தம்பிக்குக் கால்கள் இரண்டும் விறைத்து இழுப்பது மாத்திரைகளுக்குக் கட்டுப்படாமல் போனதால், பேக்லோஃபென் மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரடியாகச் செலுத்தும் பம்பு சென்ற ஆண்டு அவன் வயிற்றில் பொருத்தப்பட்டது. ஐந்து நாட்களில் வீடு திரும்பினான். அடுத்த ஆறு வாரங்களுக்குச் சென்னையிலுள்ள ஒரு வீட்டுச் செவிலியர் நிறுவனத்தில் இரண்டு சேவைகளை எடுத்துக்கொண்டோம். காலையில் ஒரு மணி நேரம் வந்து செல்லும் பயிற்சி பெற்ற செவிலியருக்கு ஒரு வருகைக்கு 800 ரூபாய். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை உடனிருக்கும் உதவியாளருக்கு 1,100 ரூபாய். ஒன்றில் மனம் நிறைந்தது, மற்றொன்றில் பெரிய குறை இருந்தது. அந்தக் குறையையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தப் பம்பு ஏறத்தாழ ஓர் அதிரசத்தின் அளவில், இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் இருக்கும் டைட்டானியம் வட்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கடியில் இடுப்பைச் சுற்றிச் சென்று முதுகெலும்புக்குள் நுழைகிறது. வயிற்றில் ஒன்று, முதுகில் ஒன்று என இரண்டு காயங்கள். அவை ஆறுவதைவிட, குழாய் நகராமல் உள்ளே நிலைத்துக்கொள்வதற்கே அதிக நாள் ஆகும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு இடுப்பை முறுக்குவதும் குனிவதும் கையைத் தலைக்கு மேலே எட்டி நீட்டுவதும் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கால் அசையாத ஒருவரைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது இதைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது, அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

காலையில் வந்த சிஸ்டர் முதல் நாளே கட்டைப் பிரிப்பதற்கு முன்பு, மருத்துவமனை கொடுத்த வெளியேற்றக் குறிப்பை முழுவதும் நின்று படித்தார். பிறகு பம்பைச் சுற்றியிருந்த வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் தோலில் கோடாக வரைந்து, பக்கத்தில் தேதியையும் எழுதினார். மறுநாள் வீக்கம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், கூடியதா குறைந்ததா என்ற வாதமே எழாது. பம்பைச் சுற்றி நீர் கோப்பது அரிதன்று, ஆனால் அது பெருகினாலோ, தோல் சிவந்து சூடானாலோ, காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்று எனக்கும் விளக்கினார்.

வீடு வந்த நான்காம் நாள் தம்பி தலைவலிக்கிறது என்றான். இரவு சரியாகத் தூங்காததால் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். சிஸ்டரோ, “உட்கார்ந்தா கூடுதா தம்பி, படுத்தா குறையுதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் ஆமாம் என்றதும் தலையணையை எடுத்துவிட்டு அவனைச் சமமாகப் படுக்க வைத்து, எங்கள் முன்னிலையிலேயே அறுவை சிகிச்சை நிபுணரின் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். தண்டுவட நீர் கசிந்தால் இப்படித்தான் வலிக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மருத்துவர் சொன்னபடி இரண்டு நாள் படுத்தே இருந்ததில் வலி அடங்கியது. இந்த ஒரு காலைப்பொழுதுக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் முழுவதும் தகும் என்பேன்.

வயிற்றுக்குக் கட்டிய பெல்ட்டின் கீழ்விளிம்பு, உட்காரும்போது பம்பின் மேல் ஏறி அழுத்தியது. பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து இடையில் வைக்கக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. வியர்வையும் அதிலேயே ஊறிவிடும். முதுகு வலிக்கிறதே என்று அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் போனபோது, பம்பு இருக்கும் உடம்பில் சூடு வைப்பது ஆபத்து என்பதை அவர் மனம் நோகாதபடி எடுத்துச் சொல்லித் தடுத்தார்.

இரவு உதவியாளர் சேவையைப் பற்றி இப்படி எழுத முடியவில்லை. வழக்கமாக வந்த அண்ணன் அன்பானவர், பொறுமைசாலி. ஆனால் இரண்டாம் வாரத்தில் அவர் விடுப்பு எடுத்தபோது நிறுவனம் அனுப்பிய மாற்று ஆளுக்கு, இது எந்த அறுவை சிகிச்சை என்பதுகூடச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அதிகாலையில் அவர் தம்பியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, இடுப்பை முறுக்கி நாற்காலியில் அமர்த்த முயன்றார். முன்பு கால்கள் விறைப்பாக இருந்தபோது அந்த விறைப்பே அவனை ஓரளவு தாங்கும். பம்பு வேலை செய்யத் தொடங்கியபின் கால்கள் தளர்ந்துவிட்டதால் அவன் அப்படியே சரிந்தான். நான் ஓடிப்போய்ப் பிடித்திராவிட்டால் தரையில் விழுந்திருப்பான். நல்லவேளையாகக் குழாய்க்கு எதுவும் ஆகவில்லை என்பதைப் பரிசோதனையில் அறிந்தோம், எனினும் அந்த நாளின் பதற்றம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த இரவுக்கான கட்டணத்தைத் திருப்பித் தந்தது. யார் வந்தாலும் படிக்கும்படி ஒரு தாளை எழுதி வைக்கக் கேட்டேன். அதை அவர்கள் கடைசிவரை செய்யவில்லை.

அந்தத் தாளை சிஸ்டரே எழுதிக் கொடுத்தார். திருப்பும்போது போர்வையைப் பிடித்துத் தோளும் இடுப்பும் சேர்ந்து உருளும்படி திருப்ப வேண்டும் என்பது முதல் வரி. தடிப்பில்லாமல் உடம்பெல்லாம் அரித்து, கால் இறுக்கம் திரும்பி, காய்ச்சலும் வந்தால் மருந்து போய்ச்சேரவில்லை என்று பொருள். அளவுக்கு மீறி மயக்கமாக இருந்து மூச்சு மெதுவானால் மருந்து அதிகமாகிறது என்று பொருள். இரண்டிலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பவை அடுத்த வரிகள். மருந்து திடீரென நின்றுபோவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், பம்பிலிருந்து ஒலி கேட்டாலும் உடனே அழைக்க வேண்டும் என்று அதன் கீழே கோடிட்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நடந்த ஏழாம் வாரத்தில் பம்பில் மருந்து நிரப்பும் நாள் வந்தது. அலைச்சலைத் தவிர்க்க அதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று அவரிடம் கேட்டேன். ஊசி பம்பின் நடுத்துளைக்குள் சரியாக இறங்காமல் மருந்து வெளியே தோலுக்கடியில் கொட்டினால் உயிருக்கு ஆபத்து, அளவைத் திருத்தும் கருவியும் தன்னிடம் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். தன்னால் ஆகாததை ஆகாது என்று சொன்ன அவரை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதே நிறுவனத்தின் இரவு உதவியாளரை எடுப்பதானால், மாற்று ஆள் வரும் நாளில் வீட்டார் ஒருவர் விழித்திருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு எடுங்கள்.